கப்பல்தான் அரசாங்கம்

அந்தமானில் அரசாங்கம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தலைமைச் செயலகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போனால் போதும். தீவுகளுக்கிடையே ஓடும் அரசுக் கப்பல்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஹட் பே, ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கேம்ப்பெல் பே என்று நீளும் பட்டியலில் எந்த ஊருக்கு என்றைக்குக் கப்பல் என்பதுதான், அந்த ஊரில் என்றைக்கு மருந்து, என்றைக்குத் தபால், என்றைக்குக் காய்கறி என்பதையும் தீர்மானிக்கிறது.

கவுண்டர் முன் நிற்பவர்களைப் பார்த்தால் தீவுகளின் சமூகவியலே வரிசையில் நிற்பது தெரியும். ஜி.பி. பந்த் மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் நிக்கோபாரி, இடமாற்ற உத்தரவோடு நிற்கும் ஆசிரியை, கொப்பரை வியாபாரி, திக்லிபூரில் வயல் வைத்திருக்கும் வங்காளி, பெட்டி படுக்கையோடு தமிழ்க் குடும்பம். ஹேவ்லாக் போகும் சுற்றுலாப் பயணிக்குத் தனியார் சொகுசுப் படகுகள் இருக்கின்றன. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அரசுக் கப்பல்தான் கதி. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து, கப்பல் ரத்து என்று அறிவிப்பு வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

சென்னையிலிருந்து விமானத்தில் வந்தால் 2 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து கேம்ப்பெல் பேக்குக் கப்பலில் போவதானால், வழியில் நின்று நின்று, ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகிவிடும். மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அது வடக்கு தெற்காக 700 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கிறது. அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் நடுவே சுமார் 150 கிலோமீட்டர் அகலமுள்ள பத்து டிகிரிக் கால்வாய். நூற்றுக்கணக்கான தீவுகளில் மனிதர் வாழ்பவை 40-ஐத் தாண்டாது.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியபோது சோழர் கடற்படையையும் நினைவுகூர்ந்தார்கள். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் நக்கவாரம் வருவது நமக்குப் பெருமைதான். 1789-ல் இங்கு குடியேற்றம் அமைத்த ஆர்ச்சிபால்ட் பிளேரின் பெயர் போனதில் பெரிய வருத்தமும் யாருக்கும் இல்லை. கப்பல் அட்டவணையைப் பற்றித்தான் அந்த அறிவிப்பில் எதுவும் இல்லை.

இந்த ஊருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தாமாக வந்தவர்கள் அல்ல. 1858-ல் தண்டனைக் குடியிருப்பு ஏற்பட்ட பிறகு கைதிகளாக வந்தார்கள். 1921 கிளர்ச்சிக்குப் பின் மாப்பிள்ளைகள் கொண்டுவரப்பட்டார்கள். பர்மாவிலிருந்து கரேன்கள், சோட்டா நாக்பூரிலிருந்து 'ராஞ்சி' என்றே அழைக்கப்படும் தொழிலாளிகள், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்க அகதிகள் என்று கப்பல் கப்பலாக ஜனங்கள் இறங்கினார்கள். தமிழர்கள் பெரும்பாலும் விடுதலைக்குப் பிறகு வேலை தேடி வந்தவர்கள். சாலை, துறைமுகம், கட்டடம் என்று மண் சுமந்து கல் உடைத்தவர்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் 'அந்தமான்காரர் வீடு' இருப்பது அதனால்தான். சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகக் குடும்பங்கள் சிலவற்றை கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். தேயிலையிலிருந்து ரப்பருக்கு, ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு.

2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3,80,581. அதில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம். வங்காளிகளுக்கும் இந்திக்காரர்களுக்கும் அடுத்த இடம். ஆனால் அங்கு பிறந்த பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசுவது அந்தமான் இந்தியில். தமிழ் வழிப் பள்ளி உண்டு. முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் உண்டு. இத்தனை இருந்தும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் 1942-க்கு முன் குடியேறியவர்கள், வங்க அகதிகள் என்று பல பிரிவினர் இடம்பெற, பின்னால் வந்த தமிழர் விடுபட்டுப் போனார்கள். மூன்று தலைமுறை ஆன பிறகும் 'எந்த வருஷம் வந்தீர்கள்?' என்ற கேள்வி அவர்களை விடுவதில்லை.

இந்தக் குறையை யாரிடம் சொல்வது என்பதுதான் இங்கே பெரிய சிக்கல். அந்தமானுக்குச் சட்டமன்றம் கிடையாது. முதல் மூன்று மக்களவைகளில் எம்.பி.கூட நியமனம்தான். 1952-ல் கார் நிக்கோபார் பிஷப் ஜான் ரிச்சர்ட்சனை அப்படித்தான் டெல்லிக்கு அனுப்பினார்கள். 1967-ல்தான் ஜனங்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டு கே.ஆர். கணேஷைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு 1977-லிருந்து 1999 வரை மனோரஞ்சன் பக்தா அசைக்க முடியாமல் இருந்தார். 2024-ல் வென்றவர் பிஷ்ணு பத ராய். அந்தத் தேர்தலில் வாக்காளர்கள் சுமார் 3.15 லட்சம். கிரேட் நிக்கோபார் காட்டில் வாழும் ஷோம்பென் பழங்குடியினர் 7 பேர் முதல் தடவையாக வாக்களித்தார்கள்.

எம்.பி. கேள்வி கேட்கலாம், மனு கொடுக்கலாம். கப்பல் விட அவருக்கு அதிகாரம் இல்லை. உத்தரவு துணைநிலை ஆளுநர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும், பணம் டெல்லியிலிருந்து வர வேண்டும். உயர் நீதிமன்றம் கொல்கத்தாவுடையது. அதன் கிளை அமர்வு இங்கே வந்துபோகிறது. ஜவஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா என்ற பழைய கல்லூரி, பட்டத்துக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தை நம்பியிருந்தது. அதிகாரிகளோ இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுகிறவர்கள். கெட்ட அதிகாரிகள் என்று சொல்லவில்லை. நல்ல அதிகாரியும் கப்பல் நிற்கும்போது ஓட்டுக் கேட்டு யார் வீட்டு வாசலுக்கும் போக வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

ஓட்டுப் போட்டு அமையும் அமைப்பு ஒன்று எப்படி நடக்கும் என்பதற்கு நகராட்சியே சாட்சி. 2022 மார்ச் தேர்தலில் 24 வார்டுகளில் காங்கிரசுக்கு 10, பா.ஜ.க.வுக்கு 10, தெலுங்கு தேசத்துக்கு 2, தி.மு.க.வுக்கு 1, சுயேச்சைக்கு 1. மறு வருஷம் மார்ச்சில், பா.ஜ.க. ஆதரவோடு தெலுங்கு தேசத்தின் செல்வி தலைவரானார். சென்னையிலும் விஜயவாடாவிலும் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். வங்காளியும் தமிழரும் தெலுங்கரும் வாழும் ஊரில் பேரம் பேசித்தான் ஆட்சி அமைக்க முடியும். அதை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் நகராட்சியின் எல்லை ஜெட்டியோடு முடிந்துவிடுகிறது.

சின்ன இடம், சட்டமன்றம் எதற்கு என்று டெல்லியில் கேட்பது வழக்கம். 1963-ல் புதுச்சேரிக்குச் சட்டமன்றம் கொடுக்கச் சட்டம் வந்தது. அங்கே 1961 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 3,69,079 பேர். அந்தமானில் 2011-ல் இருந்தவர்கள் அதைவிட அதிகம். ஆகவே தலைக்கணக்கு ஒரு காரணமாகாது.

வேறொரு காரணம் இருக்கிறது, அது கனமானது. குடியேறியவர்களின் பெரும்பான்மையிடம் எல்லாவற்றையும் கொடுத்தால் ஜாரவாக்களின் கதி என்ன? தெற்கிலிருந்து திக்லிபூர் வரை போகும் அந்தமான் டிரங்க் ரோடு அவர்களுடைய காட்டு ஓரமாகவும் ஊடாகவும் செல்கிறது. அந்தப் பகுதியை மூடச் சொல்லி 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்றும் ஜிர்க்காட்டாங் சோதனைச் சாவடியிலிருந்து போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகின்றன. ரங்கத்திலும் மாயாபந்தரிலும் ஓட்டெடுப்பு நடத்தினால் சாலையை மூடு என்று எத்தனை பேர் சொல்வார்கள்? நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டு, கப்பலும் வருமோ வராதோ என்றிருப்பவரிடம் ஜாரவாவின் தனிமையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நம்பகமான கப்பல் தினமும் ஓடியிருந்தால் அந்தச் சாலை மீது இத்தனை பாரம் விழுந்திருக்காது. கப்பல் விடாத நிர்வாகம்தான் குடியேறியவரையும் பழங்குடியையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கிறது என்பது என் கட்சி.

அமெரிக்காவின் அலாஸ்காவிலும் சாலை போய்ச் சேராத ஊர்கள் ஏராளம். அங்கு 1963-லிருந்து ஓடும் அரசுப் படகுப் போக்குவரத்தை 'கடல் நெடுஞ்சாலை' என்றே அழைக்கிறார்கள். 2019-ல் அதன் பணத்தில் பெரிய வெட்டு விழுந்தபோது கடலோர ஊர்களின் உறுப்பினர்கள் மாநிலச் சட்டமன்றத்தில் மல்லுக்கு நின்றார்கள். முழுதாக ஜெயிக்கவில்லை. ஆனால் யார் வெட்டினார், யார் எதிர்த்தார் என்பது ஊருக்குத் தெரிந்தது. ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் நின்றால் தெரிவது ஒட்டியிருக்கும் அறிவிப்புத் தாள் மட்டும்தான். ஆலோசனை சொல்ல ஒரு காலத்தில் பிரதேச கவுன்சில் என்று ஒன்றாவது இருந்தது. பஞ்சாயத்துகள் 1990-களில் வந்தன. அவற்றின் கையில் கப்பல் இல்லை. முழுச் சட்டமன்றம் வேண்டாமென்றால் போகட்டும். பழங்குடி நிலத்தில் கை வைக்கும் அதிகாரம் இல்லாத, ஆனால் கப்பல், மருத்துவமனை, பள்ளிப் பணத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு சபையை அமைப்பதில் என்ன தடை?

நிக்கோபாரில் பஞ்சாயத்து கிடையாது, பழங்குடி கவுன்சில்கள்தான். கிராமத் தலைவருக்குப் பெயர் 'கேப்டன்'. வியாபாரக் கப்பல்கள் வந்துபோன காலத்தில் ஒட்டிக்கொண்ட சொல். முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன் என்று வரிசை உண்டு. பெண் கேப்டன்களும் உண்டு. கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் என்று 72,000 கோடி ரூபாய் மதிப்பிட்ட திட்டத்துக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்குப் போகிறது. தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கலத்தியா விரிகுடாவில் உலகின் பெரிய சரக்குக் கப்பல்கள் நிற்குமாம். முதலில் சம்மதக் கடிதம் கொடுத்த பழங்குடி கவுன்சில், தங்கள் பழைய கிராமங்களும் திட்டத்துக்குள் வருவது தெரிந்ததும், 2022 நவம்பரில் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றது.

அந்தக் கிராமங்கள் 2004 டிசம்பர் 26-ல் கடல் கொண்டுபோனவை. தீவுகளில் அன்று இறந்தும் காணாமலும் போனவர்கள் 3,000-க்கும் அதிகம். நிலமே சில அடி அமிழ்ந்து இந்திரா முனை நீருக்குள் போனது. தப்பியவர்களைக் கேம்ப்பெல் பே அருகே ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும் குடிவைத்தார்கள். சொந்தக் கடற்கரைக்குத் திரும்ப வேண்டும் என்று அப்போதிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 20 வருஷத்துக்கு மேலாகிவிட்டது.