ஆற்று நீரைப் படிக்கவும் ஒரு பட்டம் உண்டு



சென்ற மாதம் பள்ளி முடிந்து நான் கிளம்பும் வேளையில், தோட்டத்தில் மருந்தடிக்கும் ஓர் அம்மா தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மகள் இப்போது மூன்றாம் படிவம்.

"டீச்சர், இவ எப்பப் பார்த்தாலும் ஆறு, காடுன்னு பேசிக்கிட்டிருக்கா. அதுக்கெல்லாம் படிப்பு இருக்கா? படிச்சா வேலை கெடைக்குமா?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

படிப்பு இருக்கிறது. அதற்குச் சுற்றுச்சூழல் அறிவியல் என்று பெயர். 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாகச் செர்டாங்கில் தொடங்கி, 1997-இல் பெயர் மாறிய புத்ரா பல்கலைக்கழகத்திலும், பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்திலும் இதைப் படிக்கலாம். நீர், காற்று, மண், கழிவு ஆகியவற்றைச் சோதிப்பதும், இயற்கை வளம் நம் பேரப்பிள்ளைகளுக்கும் மிஞ்சும்படி அதைப் பயன்படுத்துவதும் இதில் பாடங்கள்.

இது நமக்கு எட்டாத படிப்பு என்று எண்ணாதீர்கள். செம்பனை ஆலையின் கழிவுநீர் ஆற்றில் கலந்தால், அது அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி தீர்ந்து மீன்கள் சாகும். 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே விதிகள் வந்தன. இந்த மாசின் அளவு 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்தது. 1984-க்குள் அது 100 ஆகக் குறைக்கப்பட்டது. மருந்தடித்த நம் பெண்கள் நன்கறிந்த பாராகுவாட் களைக்கொல்லி 2020 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. இவற்றை அளந்து பார்க்கவும் தீங்கை எடுத்துச் சொல்லவும் படித்தவர்கள் வேண்டும். அந்த மருந்தை முதுகில் சுமந்த தாயின் பிள்ளை அவர்களில் ஒருவராக இருக்கக் கூடாதா?

சுற்றுச்சூழல் துறையிலும், ஆலைகளிலும், நீர்ச் சோதனைக் கூடங்களிலும் இப்படிப்புக்கு வேலை உண்டு.

இனி, என்ன தகுதி வேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, எஸ்.பி.எம். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் சான்றிதழே கிடையாது. பல்கலைக்கழகத்துக்கோ மலாய்மொழியில் 'கிரெடிட்' தேவை.

இரண்டாவது, ஆறாம் படிவம் அல்லது மெட்ரிகுலேஷன். ஆறாம் படிவம் மூன்று பருவங்கள். எஸ்.டி.பி.எம். தேர்வில் பொதுப்பாடத்துடன் வேறு இரண்டு பாடங்களிலாவது 'சி' கிரேடு வேண்டும். இந்தப் படிப்புக்குப் பெரும்பாலும் வேதியியல், உயிரியல், இயற்பியல், கணிதம் போன்ற பாடங்களையே கேட்பார்கள். இது குறைந்தபட்ச அளவுதான். போட்டியில் இடம் பிடிக்க இதைவிட நல்ல புள்ளிகள் வேண்டும்.

மூன்றாவது, 'முயட்' என்னும் ஆங்கிலத் தேர்வு. பிறகு 'யு.பி.யு.' வழியாக இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பணத்துக்கு அஞ்ச வேண்டாம், 'பி.டி.பி.டி.என்.' கல்விக் கடன் உண்டு. முதல் வகுப்பில் தேறுபவர்கள் அக்கடனிலிருந்து விலக்குக் கேட்கலாம்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பையன் ஒருவன், ஓடை மீன்களின் பெயரெல்லாம் சொல்வான். இடைநிலைப் பள்ளிக்குப் போன பின் நான் அவனை விசாரிக்கவில்லை. நான்காம் படிவத்தில் கூட்டாளிகளோடு சேர்ந்து சுலபமான பாடங்களை எடுத்துக்கொண்டான். எஸ்.பி.எம். முடிவோடு என் முன் வந்து நின்றபோது, வேதியியலும் இல்லை, உயிரியலும் இல்லை. ஆறாம் படிவ அறிவியல் பிரிவுக்கு வழி அடைபட்டிருந்தது. "முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கலாமே, டீச்சர்" என்றான். என்னிடம் பதில் இல்லை.

ஆகவே, பட்டப்படிப்புக்கான முடிவு பதினெட்டு வயதில் எடுப்பதன்று. மூன்றாம் படிவம் முடியும்போதே அது பாதி முடிந்துவிடுகிறது. இப்போது அறிவியல், கலை என்ற பழைய பிரிவு இல்லை. பாடத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். பிள்ளை நீட்டும் தாளில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, பள்ளிக்குச் சென்று ஆலோசக ஆசிரியரைப் பார்த்து, "என் பிள்ளைக்கு வேதியியல், உயிரியல் உள்ள தொகுப்பு கிடைக்குமா?" என்று கேளுங்கள்.

அந்த அம்மா மறு வாரமே போய்க் கேட்டுவிட்டு வந்தார். நீங்கள் எப்போது போகப் போகிறீர்கள்?