கதவோரத்து பெஞ்சு

இனயத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கருங்கல், திங்கள்நகர் என்று நின்று நின்று போகும் அந்த வழியில் எங்கே இறங்கினால் கக்கூஸ் இருக்கும், எது எப்போதும் பூட்டிக் கிடக்கும், எந்தச் சாயக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் பின்பக்கம் கையைக் காட்டுவார் என்பதெல்லாம் எனக்கு இன்றும் மனப்பாடம். 1999 ஜூனில் கல்லூரிக்குப் போகத் தொடங்கியபோது நான் படித்த முதல் பாடம் அதுதான். இந்த ஜூனில் என் அண்ணன் மகளுக்கு அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கும் எனக்கிருக்கும் நோய்தான்: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகி, ரத்தமும் சளியுமாகப் போகிற நோய்.

எனக்கு வந்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தப் பெயர் தெரியாது. வயிற்றுச் சூடு என்று அம்மா இளநீர் வெட்டித் தந்தாள், வெந்தயம் ஊறவைத்துத் தந்தாள். மூலம் என்று ஒருவர் லேகியம் கொடுத்தார். குழாய் விட்டுப் பார்த்து நோயின் பெயரைச் சொல்ல எட்டு மாதம் ஆயிற்று. பெரும்பாலும் பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடையில்தான் இது முதலில் தலைகாட்டுகிறது. புது ஊர், புது முகங்கள், புது வகுப்பு என்று ஒரு பிள்ளை வீட்டுக்கு வெளியே கால் வைக்கிற அதே வயது.

இந்த நோயைப் பற்றி மற்றவர்களுக்குப் புரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மலக்குடல் ஒரு பை மாதிரி. நல்ல நிலையில் அது விரிந்து கொடுக்கும், தாங்கும், நேரம் வரும்வரை காத்திருக்கும். இந்த நோய் ஆரம்பிப்பதே அங்கிருந்துதான். அழற்சியால் வீங்கி இறுகிப் போன பை விரியாது. வருகிறது என்று உடம்பு சொல்வதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவே இரண்டு நிமிடம்கூட இருக்காது. சில நேரம் ஓடிப்போய் உட்கார்ந்தால் ஒன்றும் இருக்காது, வெறும் முக்கல்தான். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் வரும். அடக்கிக்கொள் என்று சொல்கிறவர்கள் மனவலிமையைக் கேட்கிறார்கள். அங்கே குறைந்துபோனது மனவலிமை இல்லை, பையின் கொள்ளளவு.

முதலாண்டு. ஐந்து பேர் உட்காரும் பெஞ்சில் மூன்றாவதாக இருந்தேன். ஒரே பீரியடில் இரண்டாம் தடவை கையைத் தூக்கினேன். "இப்பத்தானே போயிட்டு வந்த?" என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது. உட்கார்ந்துவிட்டேன். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அதுவரை என்னால் தாங்க முடியவில்லை. நீலச் சுடிதாரைக் குழாயடியில் அலசி, ஈரத்தோடேயே உடுத்திக்கொண்டு பஸ் ஏறினேன். சீட் காலியாக இருந்தும் ஊர் வரும்வரை நின்றுகொண்டே வந்தேன்.

அன்று ராத்திரி அப்பாவிடம் இனி படிக்கப் போகவில்லை என்றேன். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். வள்ளத்தில் கக்கூஸ் கிடையாது. வயிற்றுக்கு வந்தால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்வார்கள், கூட இருப்பவர்கள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்கள். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்: "இதுக்குப் போய் ஒருத்தருகிட்ட அனுமதி கேக்கணுமா மக்ளே? வள்ளத்துல யாரு யாருகிட்ட கேக்கோம்?"

மறுநாளும் போனேன். ஆனால் சாப்பிடாமல் போனேன். முந்தின ராத்திரியே கஞ்சியை நிறுத்திக்கொண்டேன், தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சாப்பிட்டவுடன் குடல் அசையத் தொடங்கும் என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டு நானே செய்துகொண்ட வைத்தியம் அது. டிசம்பருக்குள் ஆறு கிலோ குறைந்தேன். ரத்தம் போய்க்கொண்டிருந்த உடம்புக்குச் சோறும் இல்லை. ஒரு நாள் மாடிப்படியில் மயங்கி விழுந்தேன். எங்களுக்குத் தமிழ் எடுத்த ஆசிரியை தனியே கூப்பிட்டுக் கேட்டார். அழுதுகொண்டே சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மறுநாள் வகுப்புக்கு வந்தவுடன் என்னைக் கதவோரத்து பெஞ்சுக்கு மாற்றினார். "இனிமே எங்கிட்ட கேக்க வேண்டாம். எழுந்து போ, வா" என்றார். மற்ற ஆசிரியர்களிடமும் அவரே பேசினார்.

அந்த பெஞ்சில் உட்கார்ந்த பிறகு நான் வெளியே போன தடவைகள் குறைந்தன. பதற்றம் நோயை உண்டாக்குவதில்லை, ஆனால் குடலை முடுக்கிவிடும். போகலாம் என்று தெரிந்தவுடன் பாதி அவசரம் அடங்கிவிட்டது. மறுபடி சாப்பிட்டேன். மூன்று வருடமும் படித்து முடித்தேன்.

நோயாளியையே குற்றம் சொல்வது எங்கள் மாவட்டத்துக்குப் பழக்கமான ஒன்று. திங்கள்நகரை அடுத்த நெய்யூரில் பழைய மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், அதற்குப் பிறகு தம் வாழ்நாளில் இருபது வருடங்களுக்கு மேல் அங்கேதான் செலவிட்டார். அன்றைய தெற்குத் திருவிதாங்கூரில் குடற்புண் அவ்வளவு அதிகம். அந்த அனுபவத்திலிருந்து இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை சிகிச்சை பற்றி 1948-இல் ஒரு நூலே எழுதினார். அந்தக் காலத்தில் மரச்சீனியும் மிளகாயும் கவலையும்தான் காரணம் என்றார்கள். பெரும்பாலான குடற்புண்ணுக்கு ஒரு கிருமிதான் காரணம் என்று ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் கண்டுபிடித்தது 1980-களில். 2005-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். எங்கள் நோய் வேறு. கிருமியால் வருவதில்லை, உடம்பின் காவல் படையே குடலைத் தாக்குவதால் வருகிறது. ஆனால் பழிச்சொல் மட்டும் அதேதான். "கண்டதைத் தின்னிருப்பா", "ரொம்ப டென்ஷன் புள்ள." என் அண்ணன் மகளும் இதைக் கேட்டுவிட்டாள். நீ தின்றதால் வரவில்லை என்று அவளிடம் எத்தனை தடவை சொன்னாலும் போதாது.

கல்லூரி திறக்கும் முன்பு இருவரும் உட்கார்ந்து ஒரு நாளைத் திட்டமிட்டோம். ஏழு மணி பஸ்ஸுக்கு ஐந்தரைக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு குடல் அசையும் நேரம் வீட்டிலேயே கழிந்துவிடும். நோய் முற்றியிருக்கும் நாட்களில் குழைந்த கஞ்சி, காரம் குறைத்த சாளைக்கறி. பயறும் பச்சைக் காய்கறியும் நோய் அடங்கிய பிறகுதான். பையில் ஒரு மாற்றுடை, துணிப்பை ஒன்று, சோப்பு, தண்ணீர். எல்லாவற்றையும் அவளே மடித்து வைத்தாள். மாற்றுடைக்கு நீலம் எடுக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். அன்றுதான் அந்தக் கதையை அவளிடம் சொன்னேன்.

மாத்திரையைப் பற்றியும் பேசினோம். எனக்குத் தந்தது சல்பாசலசின், சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் மாத்திரை. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவலிக்கென்று உருவாக்கி, குடலுக்கு நன்றாக வேலை செய்வதைக் கண்ட மருந்து. அவளுக்கு அதன் வழிவந்த மெசலமைன். வயிறு நன்றாக இருக்கும்போது மாத்திரையை விடுவதுதான் இந்த வயதில் பிள்ளைகள் செய்யும் தவறு. நானும் செய்தேன். அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஐந்து மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். இன்னொன்று: தலைவலி, மாதவிலக்கு வலி என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் புரூபன், டைக்ளோபினாக் போன்றவை நோயைக் கிளப்பிவிடக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஜப்பானில் அதிக காலம் பிரதமராக இருந்த ஷின்சோ அபேவுக்கும் இதே நோய் இருந்தது. பள்ளி வயதிலேயே வந்தது. 2007-இல் பதவியை விட்டதற்கும் 2020-இல் மறுபடி விலகியதற்கும் இதையே காரணமாகச் சொன்னார். நடுவில் ஒரு புதிய மருந்து கைகொடுக்க, ஏறத்தாழ எட்டு வருடம் தொடர்ந்து நாட்டை ஆண்டார். அவளிடம் இதைச் சொன்னபோது, "அவரு மீட்டிங்கில இருந்து எப்படி எந்திரிச்சுப் போவாரு அத்தை?" என்று கேட்டாள். பிரதமர் எழுந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பதினெட்டு வயதுப் பெண்ணிடம்தான் கேட்பார்கள்.

இதை எழுதுவதே அப்படி யாரும் அவளிடம் கேட்காமல் இருக்கத்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அழற்சிக் குடல்நோய் அதில் இல்லை. அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு என்று சட்டப்படி கேட்க ஒன்றுமில்லை. 75 சதவீத வருகையும் மூன்று மணி நேரத் தேர்வும் மற்றவர்களுக்குப் போலத்தான். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், இதே குடும்பத்தைச் சேர்ந்த கிரோன் நோயுள்ள ஆலி பெயின் என்ற பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஒரு கடையில் கழிப்பறையைத் திறக்க மறுத்தார்கள். அவளும் அவள் தாயும் விடவில்லை. 2005-இல் அங்கே சட்டமே வந்தது: இப்படிப்பட்ட நோயாளி கேட்டால் கடை ஊழியர்களின் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும்.

நம் கல்லூரிகள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். கதவோரத்தில் ஓர் இடம். கேட்காமல் போய்வர ஒரு வாய்மொழி அனுமதி. வகுப்பு இருக்கும் மாடியில் பூட்டாத, தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை. தேர்வறையிலும் வாசலுக்குப் பக்கத்தில் ஓர் இருக்கை. மருத்துவரின் ஒரு பக்கக் கடிதத்தைத் துறைத்தலைவர் ஒரு தடவை வாசித்தால் போதும். அந்தப் பிள்ளை ஒவ்வொரு ஆசிரியரிடமும் தன் வயிற்றைப் பற்றி விளக்க வேண்டியிராது. காசு செலவாகிற காரியம் எதுவும் இதில் இல்லை. ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் அடிக்கடி கை தூக்கும் பிள்ளை இருந்தால், எல்லோர் முன்னாலும் ஏன் என்று கேட்காதீர்கள். தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்.

கல்லூரியின் முதல் நாள் சாயங்காலம் அண்ணன் மகள் கருங்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் பண்ணினாள். மருத்துவரின் கடிதத்தைக் கொடுக்கப் போனால், துறைத்தலைவர் அன்று வரவில்லையாம். எனக்கு நெஞ்சு பதறியது.

"அப்ப எங்க இருந்த மக்ளே?"

"கதவு பக்கம் வேற ஒரு புள்ள இருந்தா அத்தை. எனக்கு வயித்துல ஒரு நோய் உண்டு, அடிக்கடி வெளிய போவேன், எடம் மாறித் தருவியான்னு கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"'நீ இங்க இரி'ன்னு பேக்கைத் தூக்கிட்டு நவுந்துட்டா. ரெண்டு தடவை போனேன் அத்தை. வந்தப்போ என் நோட்டுல விட்டுப்போனதை எழுதி வச்சிருந்தா."