இணைத்து வைத்தவருக்குக் கூலி இல்லையா?

தில்லியில் எந்தக் குடியிருப்புப் பகுதிக்குச் சென்றாலும் கடைவீதி முனையில் 'பிராப்பர்ட்டி டீலர்' என்ற பெயர்ப் பலகையைக் காணலாம். சிறிய அறை, ஒரு மேஜை, நான்கு நாற்காலிகள், ஒரு தொலைபேசி. அவ்வளவுதான் அலுவலகம். பிழைப்புத் தேடித் தலைநகருக்கு வந்தவர்களில், தமிழர்கள் உள்பட, இத்தகைய அறையில் ஒரு முறையேனும் அமராமல் வீடு பிடித்தவர்கள் குறைவு.

வீடு கிடைக்கும்வரை தரகர் வேண்டியவர். விலை படிந்துவிட்டால் அவர் வேண்டாதவர். 'ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி. ஆறு கடந்தபின் நீ யார், நான் யார்?' என்ற பழமொழி தரகர்களுக்காகவே சொல்லப்பட்டதோ என்று தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒருவர் தமது அடுக்ககத்தை 85 லட்சம் ரூபாய்க்கு விற்க விரும்பித் தரகரிடம் சொல்கிறார். தரகர் ஒருவரை அழைத்து வந்து மூன்று முறை வீட்டைக் காட்டுகிறார், பத்திர நகல்களை வாங்கித் தருகிறார், விலை பேசுகிறார். வாங்குபவர் 76 லட்சத்துக்கு மேல் தர முடியாது என்கிறார். பேச்சு முறிகிறது. இரண்டு மாதங்கள் கழித்து அதே வீடு, அதே நபருக்கு, 80 லட்சத்துக்குக் கைமாறுகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் முடிந்துவிடுகிறது. தரகருக்குச் செய்தி சொன்னவர் அந்தக் குடியிருப்பின் காவலாளி! நூற்றுக்கு ஒன்று என்று பேசிய தரகுத் தொகையான 80,000 ரூபாயைக் கேட்டால், "நீங்கள் முடித்துக் கொடுக்கவில்லையே, நாங்களே அல்லவா பேசி முடித்தோம்" என்று பதில் வருகிறது.

தொடங்கி வைத்தவருக்கு உரிமை உண்டா, முடித்து வைத்தவருக்கு மட்டும்தான் உண்டா என்பதே இங்கு எழும் கேள்வி. இது ஏதோ ஒரு தரகரின் தனிப்பட்ட குறை அன்று. எழுத்தில் இல்லாத வாக்கை நம்பி உழைக்கும் அனைவரின் கூலியையும் பற்றிய கேள்வி.

இதற்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் விடை தேட வேண்டும். தனியான ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, ஒப்படைத்த பணி நிறைவேறும்வரை முகவருக்கு ஊதியம் தர வேண்டியதில்லை என்கிறது அதன் 219ஆவது பிரிவு. மேலோட்டமாகப் பார்த்தால் இது வீட்டு உரிமையாளருக்குச் சாதகமானதாகத் தோன்றும். ஆனால், தரகரிடம் ஒப்படைக்கப்பட்ட பணி எது என்பதல்லவா முதலில் தீர்க்கப்பட வேண்டியது? வாங்குபவரைத் தேடிக் கொணர்வது மட்டுமா? விலை பேசி உடன்படிக்கை எழுத வைப்பதா? கிரயப் பத்திரம் பதிவாகும்வரை கூடவே இருப்பதா? மூன்றும் வெவ்வேறு பணிகள். எது பேசப்பட்டதோ அது நிறைவேறினால் ஊதியமும் உரியதாகிவிடும்.

உரிமையாளரும் வாங்குபவரும் தரகரை ஒதுக்கிவிட்டு நேரடியாக முடித்துக்கொள்ளும் தந்திரம் புதியது அன்று. 1863-இலேயே இங்கிலாந்தில் இப்படியொரு வழக்கு வந்தது. ஏலத்தில் விலைபோகாத ஒரு சொத்தைப் பற்றி ஏலம் நடத்தியவரிடம் ஒருவர் விசாரித்தறிந்து, பின்னர் உரிமையாளரிடம் நேரடியாகச் சென்று வாங்கிக்கொண்டார். விற்பவர், வாங்குபவர் என்ற உறவு முகவரின் செயலால் உண்டானது என்றால், விற்பனையை அவரே முடிக்காவிட்டாலும் தரகு அவருக்கு உரியது என்று அந்த நீதிமன்றம் கூறியது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்துச் சுரங்க வழக்கு ஒன்றில் 1910-இல் பிரிவி கவுன்சிலும் இதே நெறியைப் பின்பற்றியது. முகவரின் முதுகுக்குப் பின்னால் உரிமையாளர் விற்பனையை முடித்திருந்தபோதும், அந்த விற்பனைக்குச் செயலளவில் காரணமாக இருந்தவர் முகவரே என்பதால் அவருக்குத் தரகு உண்டு என்றது. அன்று இந்திய வழக்குகளுக்கும் இறுதி மன்றமாக விளங்கியது அதே பிரிவி கவுன்சில்தான்.

ஆகவே 'யார் முடித்தார்' என்பது உரைகல் அன்று. 'யாரால் முடிந்தது' என்பதே உரைகல். நமது எடுத்துக்காட்டில் அந்த இருவரையும் சந்திக்க வைத்தது தரகர். இடையில் வேறு தரகரோ, விளம்பரமோ, புதிய காரணமோ நுழையவில்லை. விலை சற்று மாறியதும், இரண்டு மாதங்கள் கடந்ததும் மட்டும் அந்தத் தொடர்பை அறுத்துவிடா.

ஒப்பந்தம் இருந்ததையே மெய்ப்பிக்க இயலாத நிலையிலும் கதவு முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் சட்டப்படி செய்த வேலையின் பயனை மற்றொருவர் அனுபவித்தால் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு. முறையான ஒப்பந்தம் இல்லாமல் அரசுக்குக் கட்டுமானப் பணி செய்து கொடுத்த ஒரு நிறுவனம் மேற்கு வங்க அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1961-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கொண்டே அந்த நிறுவனத்துக்குப் பணம் கிடைக்கச் செய்தது. அரசுக்கே பொருந்திய நியாயம் அடுக்கக உரிமையாளருக்குப் பொருந்தாதா?

மறுபக்கத்தையும் பார்ப்பதே நடுநிலை. விற்பனையே நடக்காவிட்டால் என்ன? திரையரங்குகளை வாங்க ஆள் கொண்டுவந்தால் 10,000 பவுன் தருவதாகப் பேசப்பட்ட ஒரு வழக்கு, 1941ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ளது. வாங்குபவர் தயாராக இருந்தும் உரிமையாளர் தரப்பு விற்கவில்லை. பிரபுக்கள் சபை தரகரின் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. விற்றால்தான் தரகு என்று பேசிக்கொண்ட தரகர், விற்பனை நடவாமற்போகும் அபாயத்தையும் ஏற்றுக்கொண்டவரே என்பது அதன் சாரம். இது சரியான நெறியே. வீட்டை விற்பதும் விற்காததும் உரிமையாளரின் விருப்பம். ஆனால் விற்க மனமில்லாமல் நிறுத்திவிடுவது வேறு. தரகுக்குத் தப்புவதற்காகவே நிறுத்துவதுபோல் நடித்து, பின்வாசல் வழியாக விற்பது வேறு. முன்னதில் உரிமையாளர் தமது உரிமையைப் பயன்படுத்துகிறார். பின்னதில் பிறர் உழைப்பைப் பறிக்கிறார்.

தரகர்களில் எல்லோரும் உத்தமர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். முகவர் பொறுப்பில் தவறிழைப்பவர், தவறாக நடத்திய அந்தப் பகுதிக்கு ஊதியம் கோர முடியாது என்கிறது 220ஆவது பிரிவு. உரிமையாளருக்குச் சொல்லாமல் தாமே வாங்கி லாபத்துக்குக் கைமாற்றிவிட்டால், அந்த லாபத்தை உரிமையாளர் கேட்டுப் பெறலாம் என்கிறது 216ஆவது பிரிவு. தலைநகரில் 'பயானா' எனப்படும் முன்பணத்தைக் கொடுத்து வீட்டை மடக்கி வைத்துக்கொண்டு, அசல் விலையை மறைத்து வேறொருவருக்குத் தள்ளிவிடும் தரகர்கள் இந்தப் பிரிவுகளைப் படிப்பது நல்லது. முகவரியை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டவர் முழுத் தரகையும் கேட்பதும் நியாயமாகாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது தரகர்கள் ஏன் நீதிமன்றம் செல்லத் தயங்குகிறார்கள்? காரணங்கள் இரண்டு.

முதலாவது, எழுத்து இல்லை. வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும் என்பது உண்மைதான். ஆனால் செல்லும் என்பது வேறு, மெய்ப்பிப்பது வேறு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகள் கைகொடுக்கக்கூடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமும் மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கிறது. ஆயினும் அதன் 63ஆவது பிரிவு கோரும் சான்றிதழ் இல்லாமல் கைப்பேசிப் படத்தை மட்டும் நீட்டினால் பயனில்லை. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆவது ஆணைப்படி சுருக்க முறையில் வழக்குத் தொடுக்கலாம். அது இல்லாதவருக்கு நெடும் வழக்கே கதி. 80,000 ரூபாய்க்காக எத்தனை ஆண்டுகள் அலைவது?

இரண்டாவது காரணத்தைப் பலரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதுதான் கறுப்புப் பணம். 80 லட்சத்துக்கு விற்ற வீட்டைப் பத்திரத்தில் 50 லட்சம் என்று காட்டியிருந்தால், உண்மை விலையில் தரகு கேட்கும் தரகர் அந்த மறைப்பையும் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். அதில் தாமும் உடந்தை என்று ஒப்புக்கொள்ளவும் நேரும். ஆகவே கிடைத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார். அரசின் முத்திரைத் தீர்வையை ஏமாற்றும் அதே பொய்தான் தரகரின் கூலியையும் விழுங்குகிறது.

இந்த நிலையை மாற்றும் வாய்ப்பு 2016-இல் வந்தது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் முகவர்கள் பதிவு செய்துகொள்வதைக் கட்டாயமாக்கியது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்றும் விதித்தது. ஆனால் அதன் 9ஆவது பிரிவு, அச்சட்டத்தின்கீழ் பதிவான கட்டுமானத் திட்டங்களில் உள்ள மனைகளையும் வீடுகளையும் விற்பவர்களையே கட்டுப்படுத்துகிறது. ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை இன்னொருவர் வாங்கும் மறுவிற்பனை, அதாவது முனைக்கடைத் தரகரின் அன்றாடத் தொழில், அந்த வளையத்துக்கு வெளியேயே நிற்கிறது. தரகுத் தொகை எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்பது குறித்தும் சட்டம் ஏதும் சொல்லவில்லை. பெருங்கட்டுமான நிறுவனங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சட்டம் சிறு தரகரை மறந்துவிட்டது.

தலைநகரை ஒட்டிய ஹரியாணா மாநிலம் அதற்கு முன்பே, 2008-இல், சொத்துத் தரகர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றி உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. மாநிலங்களால் இயலாத காரியம் அன்று இது. முகவாண்மை உள்ளிட்ட ஒப்பந்தங்களும், வேளாண் நிலம் நீங்கலான சொத்து மாற்றமும் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ளவை. மத்திய அரசு செய்யட்டும் என்று மாநிலங்களும், மாநிலங்கள் செய்யட்டும் என்று மத்திய அரசும் காத்திருக்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியவை எளியவை. மறுவிற்பனைத் தரகர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டைக் காட்டும் முன்பே ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்தில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். தரகு எவ்வளவு, முன்பண உடன்படிக்கையின்போது எவ்வளவு, பத்திரப் பதிவின்போது எவ்வளவு, தரகர் அறிமுகம் செய்தவருக்கே எத்தனை மாதங்களுக்குள் விற்றால் தரகு உண்டு, தரகர் இரு பக்கமும் பணம் பெறுகிறாரா என்பவை அதில் இருந்தால் போதும். கிரயப் பத்திரத்தில் தரகரின் பெயரும் பதிவு எண்ணும் இடம்பெறட்டும். தரகர் எவரும் இல்லை என்றால் அதையும் இரு தரப்பும் உறுதிமொழியாக எழுதட்டும். பொய் உறுதிமொழி எழுதத் துணிபவர்கள் குறைவு. சிறு தொகைப் பிணக்குகளை வழக்காக மாறும் முன்பே மக்கள் நீதிமன்றங்களில் முடித்துக்கொள்ளலாம். அதற்கு 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது.

இதனால் தரகருக்கு மட்டும்தான் நன்மை என்று எண்ண வேண்டாம். பதிவுபெற்ற தரகரிடம் வாங்குபவர் கணக்குக் கேட்கலாம். வில்லங்கத்தை மறைத்தவர்மீது புகார் செய்யலாம். கூலி உறுதியானால்தான் பொறுப்பையும் உறுதியாகக் கேட்க முடியும். உரிமையற்ற தரகர், பொறுப்பற்ற தரகராகவே இருப்பார்.

தரகர் என்றால் முகம் சுளிப்பது நம்மிடையே பழகிப்போன ஒன்று. ஆனால் அவர் போட்ட பாலத்தில் நடந்து அக்கரை சேர்ந்தபின், பாலமே இல்லை என்று சாதிப்பதை வணிகத் திறமை என்று சொல்ல முடியாது. அது கூலி மறுப்பு. அதற்குத் துணைபோகும் ஓட்டையை அடைப்பது ஆள்வோரின் கடமை. அதுவரை காத்திராமல் பேசிய தொகையைக் கொடுத்துவிடுவது வீடு விற்பவர், வாங்குபவர் ஒவ்வொருவரின் கடமை.