டீ குடிக்கும் வண்டி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளைக்கூட எண்ணிவிடலாம். பனியன் மூட்டை ஏற்றிய மொபெட்டுகளை எண்ண முடியாது. 1980-ல் ஓசூரில் டி.வி.எஸ். 50 தயாராகி வந்தபோது 'இருவர் போகலாம்' என்றார்கள். நம்மூரில் யார் கேட்டார்கள்? ஓட்டுகிறவர் சீட் நுனியில் தொற்றிக்கொள்ள, மீதி இடமெல்லாம் மூட்டைதான். பின்னாலிருந்து பார்த்தால் மூட்டை தானாகவே ஆபீஸ் போவது போலிருக்கும்.

எங்கள் தெரு அண்ணன் ஒருவருக்கு இதுதான் பிழைப்பு. அனுப்பர்பாளையத்தில் தைத்த பீஸை எடுத்து, பெருமாநல்லூர்ப் பக்கம் பிசிறு வெட்டும் பெண்களுக்கு வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். எல்லாமே பீஸ் கணக்குக் கூலி. மூட்டை வராவிட்டால் அத்தனை பேரும் கத்தரியைப் பிடித்துக்கொண்டு டி.வி. பார்க்க வேண்டியதுதான். அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

அவருடைய பழைய வண்டி ஒரு பழக்கம் கற்றுக்கொண்டது. காலையில் ஒரே உதையில் கிளம்பும். ஏழெட்டுக் கிலோமீட்டரில் நின்றுவிடும். அண்ணன் ஒரு டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் மறுபடி ஓடும். டீக்கடைக்காரரோடு கமிஷன் பேசிவிட்டதோ என்னவோ!

ஒரு மெக்கானிக் பிளக்கை மாற்றினார். இன்னொருவர் கார்பரேட்டரைக் கழுவினார். மூன்றாமவர் "ரீபோர் பண்ணிரலாமுங்க" என்றார். நான் பி.காம். கணக்கு டாலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளுவோம். மெக்கானிக்குகளுக்குக் கார்பரேட்டர்தான் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.

நாலாவதாக ஒரு பெரியவர். நானும் கூடப் போயிருந்தேன்.

"ஏனுங்க தம்பி, தள்ளிட்டு வந்தீங்களா, ஓட்டிட்டு வந்தீங்களா?"

"டீ குடிச்சுட்டு ஓட்டிட்டுத்தானுங்க வந்தேன்."

"காய்ச்சல் விட்டப்புறம் டாக்டர்கிட்ட வந்தா அவர் என்னத்தைங்க பார்ப்பாரு?"

மூட்டையோடு வண்டியை விரட்டி, நிற்க வைத்துத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். வந்ததும் முதலில் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்தார். மூடியில் காற்றுப் போக ஒரு துவாரம் உண்டு. அதைப் பஞ்சுத் தூசி அடைத்தாலும் பெட்ரோல் இறங்காமல் வண்டி இப்படித்தான் நிற்குமாம். திறந்து உதைத்தார். அசையவில்லை.

பிளக்கைக் கழற்றி, அதன் உடம்பு இன்ஜின் இரும்பில் படும்படி, ஓட்டையை விட்டுத் தள்ளி வைத்து உதைத்தார். பெட்ரோல் ஆவி வருமிடமாயிற்றே! பொறி நீலமாக 'டிக்'கென்று வெடிக்க வேண்டும். இங்கே மஞ்சளாகச் சோம்பல் முறித்தது. (பிளக்கை விரலால் பிடிக்கக் கூடாது. பட்டறையில் புதுப் பையனிடம் "டேய், இதைப் புடி" என்று கொடுப்பார்கள். அன்றைக்கே அவன் தொழில் கற்றுக்கொள்வான்.)

காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுற்றுகள். தடித்த கம்பியில் கொஞ்சம் சுற்று, மயிரிழைக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று. 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த சங்கதிதான். சின்ன வோல்டேஜ் உள்ளே போய், பத்தாயிரத்துக்கு மேலாக வெளியே வரும். சுற்றுகளுக்கு நடுவே பூச்சு விரிசல் விட்டால், சூட்டில் கரண்ட் உள்ளேயே ஒழுகிவிடும். ஆறினால் யோக்கியன் மாதிரி வேலை செய்யும். அதனால்தான் ஆறிய காயிலை மீட்டரில் வைத்துப் பார்த்தால் 'நல்லாருக்கு' என்றே சொல்லும். 2020-ல் பி.எஸ்.6 வந்து புது வண்டிகளில் கார்பரேட்டர் போனாலும் இந்தக் காயில் போகவில்லை.

ஆனால் பெரியவர் உடனே காயிலைக் குற்றம் சொல்லவில்லை. பிளக் மூடியைத் திருகிக் கழற்றி, வயர் நுனியைக் கால் அங்குலம் வெட்டி மறுபடி மாட்டினார். காயில் போல்ட்டில் துருவைச் சுரண்டினார். பொறி அதே மஞ்சள்தான்.

"புதுசு வாங்கறதுக்கு முன்னாடி ஓடற காயில் ஒண்ணைப் போட்டுப் பார்க்கோணும். காசு உங்களுதில்லீங்களா?" என்றவர், பட்டறையில் நின்ற இன்னொரு மூட்டை வண்டியிலிருந்து காயிலைக் கழற்றி மாட்டினார். நீலப் பொறி!

நானும் அண்ணனும் மூட்டையோடு பெருமாநல்லூர் வரை போய்த் திரும்பினோம். வண்டி டீ கேட்கவே இல்லை.

பட்டறை வாசலில் ஒருவர் வேர்த்து விறுவிறுக்கத் தன் வண்டியை ஓங்கி ஓங்கி உதைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று மூட்டைகள்.

"காத்தால நல்லா ஓடுச்சுங்க. பிளக்காத்தான் இருக்குமுங்க!" என்றார் எங்களிடம்.