பீஎச் குறைந்தால் அமிலம் வலியதா?

உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகள் பலர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: "பீஎச் குறையக் குறைய அமிலம் வலியது." களுதாவளைக் கடையில் வாங்கும் ஒரு போத்தல் வினாகிரி போதும், இது பிழையென்று காட்ட.

வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலம் மென்னமிலம். அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்ணான பீகேஏ அதற்கு 4.76. லீற்றருக்கு 0.1 மூல் அளவில் கரைத்தால் பீஎச் ஏறத்தாழ 2.9. ஐதரோகுளோரிக் அமிலமோ வன்னமிலம். அதை லீற்றருக்கு 0.001 மூல் மட்டும் கரைத்தால் பீஎச் 3. மென்னமிலத்தின் பீஎச் அல்லவா குறைவாக இருக்கிறது! செறிவு நூறு மடங்கு என்பதால்தான் அப்படி. பீஎச் கரைசலைப் பற்றிய செய்தி. பீகேஏ அமிலத்தைப் பற்றிய செய்தி. 1909இல் பீஎச் அளவைக் கொண்டுவந்த சோரென்சனும் அளக்க நினைத்தது கரைசலிலுள்ள ஐதரசன் அயனைத்தான், அமிலத்தின் வலிமையை அல்ல.

"தண்ணீர் விட்டால் வலிமை குறையுமே?" குறையாது. கரைசல் ஐதாகும், அவ்வளவுதான். முதலில் சொன்ன அசற்றிக் அமிலக் கரைசலைப் பத்து மடங்கு ஐதாக்கினால், பிரிகையடைந்த பங்கு 1.3 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் கூடவே செய்கிறது. வெப்பநிலை மாறாதவரை பிரிகை மாறிலி அசையாது, அதனால் பீகேஏயும் அசையாது.

அடுத்தது, புளித்த தயிர் முழுக்க அமிலம் என்ற நினைப்பு. மட்டக்களப்பு எருமைத் தயிரையே எடுத்துப் பார்ப்போம். லக்ரிக் அமிலத்தின் பீகேஏ 3.86. பால் உறையும் பீஎச் 4.6 அளவில், அதில் ஏறத்தாழ 15 சதவீதம்தான் பிரியாத அமிலமாக நிற்கும். மிச்சமெல்லாம் லக்ரேற்று அயன். பீஎச்சும் பீகேஏயும் சமமானால் பாதிக்குப் பாதி. இந்த ஒன்றை மனதில் வைத்திருந்தால் தாங்கற் கரைசல் கணக்கில் பாதிப் பயம் போய்விடும்.

"பீகேஏ பரீட்சைக்கு மட்டுந்தான்" என்பவர்கள் வாவிக்கரையில் இறால் வளர்ப்பவரிடம் பேசிப் பார்க்கலாம். அமோனியம் அயனின் பீகேஏ 25 பாகை செல்சியசில் 9.25. குளத்துநீரின் பீஎச் 7.5 ஆனால், மொத்த அமோனியாவில் 2 சதவீதத்துக்கும் குறைவானதே இறாலுக்கு நஞ்சாகும் அயனாகாத வடிவில் இருக்கும். வெயில் ஏற ஏறப் பாசி காபனீரொட்சைட்டை உறிஞ்சி, பின்னேரத்தில் பீஎச் 8.5ஐத் தொட்டால் அது 15 சதவீதம். தீனி கூடவில்லை, கழிவு கூடவில்லை. நஞ்சு மட்டும் எட்டு மடங்குக்கு மேல்.