ஆடும் சுக்கான் பிடி

பாய்ப்படகைப் பார்க்கிறவர் கண்ணெல்லாம் பாயின் மேல்தான். பின்புறத்தில் சுக்கானைத் திருப்பும் மரப்பிடியை யார் கவனிக்கிறார்கள்?

1942-ம் வருஷம் ஸ்வீடனில் பிறந்த ‘ஃபோக்போட்’ 25 அடி நீளமுள்ள சிறு படகு. அதில் ஒன்றை மாற்றியமைத்து, 1960-ல் ஹாஸ்லர் என்பவர் தன்னந்தனியாக அட்லாண்டிக் சமுத்திரத்தையே கடந்தார்! இத்தகைய பழைய படகுகளில் பிடி ஆட்டங்காண்பது சகஜம். பின்னிருந்து பேரலை தள்ளும் சமயம் பிடி சற்றே தாமதித்தாலும் படகு குறுக்கே திரும்பி, அலைக்கு விலாவைக் காட்டிவிடும்.

சுக்கானை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் பிடியை ஆட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் ஆடினால் கோளாறு பிடியை இணைக்கும் போல்ட்டுத் துவாரத்தில். இல்லையேல் சுக்கான் தொங்கும் கீல்களைச் சோதிக்க வேண்டும்.

பலர் உடனே நட்டை முறுக்கத் தொடங்குகிறார்கள். அதைவிட அபத்தம் வேறில்லை. தேய்ந்த துவாரம் முட்டை வடிவமாகியிருக்கும். முறுக்கினால் மரம் பிளக்குமேயன்றித் துவாரம் சுருங்காது. அதைச் சற்றுப் பெரிதாக்கி, எபாக்ஸிப் பசையால் அடைத்து, நன்கு இறுகியபின் போல்ட்டின் அளவுக்கே புதிதாகத் துளையிட வேண்டும். வெண்கலக் குழல் ஒன்றைப் பதித்தால் இன்னும் உத்தமம். மரமே உளுத்திருந்தாலோ, புதுப் பிடிதான். அங்கே சிக்கனம் பார்க்கலாகாது.