இடிக்கக் கூடாத வீடு

பாரம்பரியச் சின்னம் என்றால் நமக்குக் கோட்டையோ கோயிலோதான் நினைவுக்கு வரும். குமாஸ்தாவும் கடைக்காரரும் குடியிருந்த வீட்டை யார் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? ஆஸ்திரேலியர்கள் சேர்த்திருக்கிறார்கள்.

1901 ஜனவரி 1 அன்று ஆறு பிரிட்டிஷ் காலனிகள் இணைந்து ஆஸ்திரேலியக் கூட்டாட்சி பிறந்தது. அதே ஆண்டில் சிட்னியின் மேற்கே, ஹேபர்ஃபீல்டில், ரிச்சர்ட் ஸ்டான்டன் என்ற மனை வியாபாரி ஒரு தோட்டப் புறநகரை உருவாக்கத் தொடங்கினார். சேரி இல்லை, சந்து இல்லை, மதுக்கடை இல்லை என்பதே அதன் பெருமை. பாதாளச் சாக்கடை வந்துவிட்டதால் மலம் அள்ளும் வண்டிக்கான கொல்லைச் சந்துக்கு வேலையில்லாமல் போனது.

அக்கால வீட்டின் அடையாளம் பூசாத செங்கல் சுவர். முகப்பில் உயர்தரச் சிவப்புக் கல். இடையில் கல்லின் நிறத்திலேயே சாந்து. அதன்மேல் நூல் பிடித்ததுபோல் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு. தெருவின் கண்ணுக்குப் படாத சுவர்களுக்கு மலிவான கல். கௌரவமும் சிக்கனமும் ஒரே கூரையின்கீழ்! முக்கோண முகப்பில் உதயசூரியன். கட்சிச் சின்னமல்ல, புது தேசத்தின் விடியல்.

கூரையில் மார்செய் ஓடு. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் சுடத் தொடங்கிய ஓட்டுக்கும் இதற்கும் பூர்வீகம் ஒன்றே: பிரான்சில் 1840களில் உருவான, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஓடு. வராந்தா என்ற சொல்லும் ஆங்கிலத்துக்கு இந்தியாவிலிருந்து போனதுதான். ஆனால், வராந்தாவை வரவேற்ற தேசம், அதே 1901இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்து இந்தியர் உள்ளிட்ட வெள்ளையரல்லாதாருக்கு வாசலை அடைத்தது. அந்தச் சூரியன் எல்லோருக்கும் உதிக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியர்கள் ஹேபர்ஃபீல்டில் குடியேறினார்கள். பல வீடுகளில் மரச் சன்னல் போய் அலுமினியம் வந்தது. 1985இல் உள்ளூராட்சி மன்றம் புறநகர் முழுவதையும் பாதுகாப்புப் பகுதியாக்கியது. அதன்பின் சொந்த வீட்டின் முகப்பை மாற்றவும் அனுமதி கேட்க வேண்டும்.

அப்படிக் காத்த வீடுகளில் பலவற்றை, 2016இல், வெஸ்ட்கனெக்ஸ் சுரங்கச் சாலைக்காக அரசே இடித்தது. சன்னலுக்குக் கெடுபிடி, புல்டோசருக்கு அனுமதி.

1995இல் பாரம்பரியக் கட்டடங்களுக்கு விதிமுறை வகுத்த மும்பை முதல், இந்திய நகரங்களும் பட்டியல் போடுகின்றன. பட்டியலில் வீடு இருக்கிறதா என்பது பாதிக் கேள்வி. அரசுக்கே அந்த இடம் தேவைப்படும்போது அந்தப் பட்டியலுக்கு என்ன மதிப்பு என்பதுதான் மீதிக் கேள்வி.